கல்லாய்ப் போன தாய்மாமனும் இருபது முகப் பகடையும்

மொச்சக்குறிச்சிக்கு டிக்கெட் கேட்டால் கண்டக்டர் ஒரு தடவை முகத்தை ஏறிட்டுப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "இறங்கும்போது ஜன்னல் வழியா இறங்காதீங்க, படி இருக்கு" என்பார். கேலி பேசுகிறார் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். உள்ளூர்க்காரர்களோ, "நல்ல மனுசன், மறக்காம விவரம் சொல்றார் பாரு" என்று கும்பிட்டுவிட்டு இறங்குவார்கள்.

அந்த ஊரில் பிறந்து வெளியூருக்கு வாக்கப்பட்டுப் போனவள் செவந்தி. புதன்கிழமை காலையில், பதினோரு மாதப் பிள்ளை தேனுவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊரில் வந்து இறங்கினாள். படி வழியாகத்தான்.

வெள்ளிக்கிழமை தேனுவுக்குக் காதுகுத்து. கரட்டுக் கோயிலில், பத்தரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள், தாய்மாமன் மடியில் வைத்துக் குத்தியாக வேண்டும். தாய் தகப்பன் இல்லாத செவந்திக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது அண்ணன் சடையாண்டி ஒருவன்தான். கிளம்பும்போதே மாமியார் இருளாயி கறாராகச் சொல்லியிருந்தாள்.

"இந்தா புள்ள, உங்கண்ணன் நேரத்துக்கு வந்து மடி குடுக்கணும். வரலைன்னா எங்காளு ஒருத்தன் மடியில வச்சுக் குத்திட்டுப் போய்க்கிட்டே இருப்போம். அதோட உனக்குப் பொறந்த வீடுன்னு ஒரு பேச்சு இருக்கக்கூடாது."

செவந்தி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நாலு பேர் கூடிவிட்டால் அவளுக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அஞ்சாம் வகுப்பில் வாய்ப்பாடு முழுக்கத் தெரிந்திருந்தும், எழுந்து நின்று ஒப்பிக்கக் கூச்சப்பட்டே பள்ளிக்கூடத்தை விட்டவள்.

அண்ணன் வீட்டில் இல்லை. பூச்சப்பன் டீக்கடைக்கு முன்னால் புங்கமரத்தடியில் இருந்தான். சம்மணம் போட்டு, நெஞ்சை நிமிர்த்தி, கண்ணை நேரே நட்டு உட்கார்ந்திருந்தான். மூக்கு நுனியில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. அதை ஓட்டவில்லை.

"அண்ணே" என்றாள் செவந்தி.

"கூப்பிடாத தாயி" என்றார் டீக்கடை பூச்சப்பன். "உங்கண்ணன் கல்லாயிட்டான்."

விவரம் பிறகு தெரிந்தது. அருவி பார்க்க வந்த பட்டணத்துப் பிள்ளைகள் டீ குடித்துவிட்டு ஒரு அட்டைப்பெட்டியை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே கோட்டை படம் போட்ட அட்டை, விரல் உயரப் பொம்மைகள், இருபது முகம் வைத்த ஒரு பகடை, ஒரு விதிப் புத்தகம். ஆளுக்கொரு பொம்மை எடுத்துக்கொண்டு, அந்த ஆளாகவே மாறிப் பூதக் கோட்டைக்குள் போய் வர வேண்டும். வழியில் கதவு திறக்கவும், பாம்பைத் தாண்டவும், சண்டை போடவும் பகடை உருட்ட வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். ஊரிலேயே எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் பூச்சப்பன் என்பதால் ஆட்டத்தை நடத்துகிற பொறுப்பு அவருக்கு வந்தது. ஒச்சப்பன், கொப்பையா, மலைச்சாமி, சடையாண்டி என்று நாலு பேர் ஆட உட்கார்ந்தார்கள்.

வம்பு வந்தது 'நிலைமைகள்' என்ற பாடத்தில்தான். நஞ்சு குடித்தவர் உருட்டினால் விழுந்ததில் மூன்றைக் கழிக்க வேண்டும். கண் இழந்தவருக்கு ஐந்தைக் கழிக்க வேண்டும். பயந்தவர் இரண்டு தடவை உருட்டி, சின்ன எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கல்லானவர் அசையவும் கூடாது, பேசவும் கூடாது. கூட ஆடுகிற ஒருவர் இருபது போட்டால்தான் அவருக்கு மீட்சி. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வரி கொட்டை எழுத்தில் இருந்தது. 'ஆட்டத்தை இடையில் நிறுத்தினாலும், மறுபடி தொடங்கும்வரை ஒவ்வொருவர் நிலைமையும் அப்படியே இருக்கும்.'

திங்கட்கிழமை ஒச்சப்பனின் பொம்மை பாழுங்கிணற்றில் தண்ணீர் குடித்தது. அன்றிலிருந்து ஒச்சப்பன் டீக்கடை வாசலிலேயே வேப்பிலையை விரித்து, கயிற்றுக் கட்டிலில் படுத்த படுக்கையாகிவிட்டார். கொப்பையாவின் பொம்மைக்குக் கண்ணில் சாம்பல் விழுந்தது. கொப்பையா தலைத்துண்டை அவிழ்த்துக் கண்ணைக் கட்டிக்கொண்டார். இரண்டு நாளாக அடுத்த வீட்டுக்கே போய்ச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மலைச்சாமியின் பொம்மையைப் பூதம் பயமுறுத்தியது. சடையாண்டியின் பொம்மை போய் யட்சி கண்ணைப் பார்த்துத் தொலைத்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவன் கல்லாகிவிட்டான்.

"வெள்ளிக்கிழமை காதுகுத்து இருக்கு மாமா" என்றாள் செவந்தி, தரையைப் பார்த்தபடி.

"தெரியும் தாயி. புத்தகத்துக்குத் தெரியாதே" என்றார் பூச்சப்பன்.

செவந்தி அண்ணன் காதருகே குனிந்து, "ஏண்ணே, சும்மா எந்திரிச்சு வாண்ணே" என்று கெஞ்சிப் பார்த்தாள். சடையாண்டியின் கண் ஓரத்தில் ஒரு சின்ன அசைவு வந்தது. உடனே பூச்சப்பன் அவனை உற்றுப் பார்த்தார். அசைவு போய்விட்டது. சின்ன வயசிலும் சடையாண்டி இப்படித்தான். வாத்தியார் 'வாயில் விரல் வை' என்றதற்கு வைத்தவன், எடுக்கச் சொல்ல அவர் மறந்துவிட்டதால், முழுப் பரீட்சை வரைக்கும் எடுக்கவில்லை.

வியாழக்கிழமை அண்ணன் வயிறு உள்ளே ஒட்டியிருப்பதைச் செவந்தி பார்த்தாள். சோறு பிசைந்து கொண்டுவந்தாள். ஆட்டக்காரர்கள் சபை கூடியது.

"கல்லு சோறு திங்குமா?" என்று கேட்டார் கட்டிலில் கிடந்த ஒச்சப்பன்.

"திங்காது. ஆனா கல்லுக்குப் படைக்கலாம். கோயில்ல படைக்கிறோமே" என்றார் கொப்பையா, புங்கமரத்தைப் பார்த்து. ஒச்சப்பன் அங்கேதான் இருப்பதாக அவர் எண்ணம்.

"படைச்ச சோத்தை யாரு சாப்பிடுறது?"

"படைச்சவுங்கதான். எந்தக் கல்லு சாப்பிட்டிருக்கு?"

ஆகவே சடையாண்டி முன்னால் இலை போட்டுப் படைத்தார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பிறகு இலையை இழுத்து ஆளுக்கு இரண்டு கவளமாகச் சாப்பிட்டார்கள். நெற்றியில் மஞ்சள் அப்பினார்கள். ஒச்சப்பன் பொண்டாட்டி போகிற போக்கில் ஒரு சிவப்புத் துணியையும் சுற்றிவிட்டுப் போனாள். சடையாண்டியின் கண்கள் இலையையே பார்த்துக்கொண்டிருந்தன.

செவந்தி வீட்டுக்குப் போய் ஒரு செம்பு கம்மங்கூழைக் கரைத்துக்கொண்டு வந்தாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. அண்ணன் தலையில் மெதுவாக ஊற்றினாள். அபிஷேகம் என்று நினைத்துச் சபை எழுந்து நின்று கும்பிட்டது. கூழ் நெற்றி வழியாக இறங்கி, மூக்கு வழியாக வந்து, உதட்டைத் தாண்டும்போது கல்லின் வாய் லேசாகத் திறந்து மூடியது. அன்றைக்கு மூன்று கால அபிஷேகம் நடந்தது. மூன்றாவது காலத்தில் ஒரு வெங்காயத் துண்டும் வழுக்கிக்கொண்டு வந்தது.

ஒதுங்கப் போகிற விஷயம் மட்டும் பாக்கி. அதற்குப் பூச்சப்பன் புத்தகத்தைப் புரட்டித் தீர்ப்புச் சொன்னார். "கல்லு நடக்கக்கூடாது. ஆனா மலையில கல்லு உருளுதா இல்லையா? உருண்டு போயிட்டு வரலாம்." சடையாண்டி உருண்டு கொல்லைப் பக்கம் போனான். உருண்டு வந்தான்.

செவந்திக்கு அப்போதுதான் உயிர் வந்தது. "அப்ப நாளைக்குக் கோயிலுக்கும் உருண்டே வந்துருமே மாமா" என்றாள்.

சபை திரும்பிக் கரட்டைப் பார்த்தது.

"கோயிலு கரட்டுமேல இருக்கு தாயி" என்றார் பூச்சப்பன், வருத்தமாக. "கல்லு மேடேறி உருளாது."

சரி, எப்படியும் இருபது போட்டு மீட்டுவிடுவோம் என்று மூன்று பேரும் உருட்டினார்கள். ஒச்சப்பன் படுத்தபடியே அறுபது தடவை உருட்டினார். ஒரு தடவை பகடை இருபதைக் காட்டியது. எல்லாரும் மூச்சைப் பிடித்தார்கள். பூச்சப்பன் விரல் விட்டு எண்ணி, "நஞ்சுக்கு மூணு போச்சு. பதினேழு" என்றார். கொப்பையாவுக்கும் ஒரு இருபது விழுந்தது. கண் இல்லாததற்கு அஞ்சு போய்ப் பதினைந்தானது. "பதினஞ்சுன்னு நீ சொல்ற. நான் பாக்கலையே. ஒத்துக்க மாட்டேன்" என்று அவர் வேறு தகராறு பண்ணினார்.

மலைச்சாமி கதை இன்னும் மோசம். பயந்தவர் என்றால் உருட்டும்போது நிஜமாகவே பயம் இருக்க வேண்டும், பயப்படாமல் உருட்டினால் கள்ளாட்டம் என்று பூச்சப்பன் சொல்லிவிட்டார். மலைச்சாமியோ பாம்பைக் கையால் பிடிக்கிற ஆள். அவரைப் பயமுறுத்துகிற வேலை கொப்பையாவுக்கு வந்தது. கொப்பையா சாக்கைப் போர்த்திக்கொண்டு, கண்கட்டோடு பாய்ந்து, கடைத் தூணைப் பார்த்து உறுமினார். அடுத்து ஒரு வெள்ளாட்டைப் பார்த்து உறுமினார். ஆடு மிரண்டு ஓடியது.

"ஆடு பயந்துருச்சு. அது உருட்டலாமா?" என்று கேட்டார் ஒச்சப்பன்.

"அதுக்குப் பொம்மை இல்லையே" என்றார் பூச்சப்பன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதானது. இருளாயியும் காது குத்த வந்த ஆசாரியும் கரட்டுக் கோயிலில் காத்திருப்பார்கள். செவந்தி விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டாள். அஞ்சாம் வகுப்பில் வராத குரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, "மாமா... நீங்க யாரு எத்தனை தடவை போட்டாலும் இருபது வராது. ஒருத்தருக்கு மூணு கழியுது, ஒருத்தருக்கு அஞ்சு கழியுது. இவருக்குப் பயமே வரமாட்டேங்குது" என்றாள்.

சபை ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. கொப்பையா தூணைப் பார்த்துக்கொண்டார்.

"அட, ஆமா" என்றார் மலைச்சாமி. "முந்தாநாளே சொல்லியிருந்தா இந்நேரம் வேற வேலை பாத்திருப்போமே. பொம்பளைங்க இப்படித்தான், நேரத்துக்கு வாயைத் தொறக்க மாட்டாங்க."

பெட்டியில் ஒரே ஒரு பொம்மை மிச்சமிருந்தது. மூக்கு நீண்ட சூனியக்காரி. அதைச் செவந்தி எடுத்துக்கொள்ளலாம், அவளுக்கு ஒரு நிலைமையும் கிடையாது, முழு எண்ணும் அவளுக்கே என்று முடிவானது. செவந்தி பகடைக்குக் கை நீட்டினாள்.

"இரு தாயி" என்றார் பூச்சப்பன். "இடுப்புல என்ன?"

"தேனு."

"'சுமை தூக்கியவர் உருட்டினால் பாதி.' போட்டிருக்கு பாரு."

"புள்ள சுமையா மாமா?"

"இறக்கி வச்சாத் தெரியும்."

வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை. வாங்கினால் அவர்களுக்குப் பாதியாகிவிடும். தரையில் விட்டால் தேனு பகடையை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். செவந்தி சுற்றிப் பார்த்தாள். அண்ணனின் மடி காலியாக இருந்தது. கல்லுக்கு எதற்குச் சுமைக் கணக்கு என்று பிள்ளையை அங்கே உட்கார வைத்தாள். தேனு மாமன் கன்னத்தில் காய்ந்திருந்த கூழைப் பெயர்த்துத் தின்ன ஆரம்பித்தாள்.

செவந்தி பகடையைக் கையில் எடுத்தாள். கை நடுங்கியது. பகடை உருண்டு, பலகையின் ஓரத்தில் தடுக்கி, நின்றது. இருபது.

சடையாண்டியின் தோள் எழும்பத் தொடங்கியது.

"அசையாதே" என்றார் பூச்சப்பன். "தாயி, உனக்கு ஏன் கை நடுங்குச்சு?"

"நாலு பேரு பாக்குறாங்கன்னு... கூச்சம் மாமா."

சபை மறுபடி கூடியது. கூச்சம் என்று ஒரு நிலைமை புத்தகத்தில் இல்லை. பக்கத்தைத் திருப்பித் திருப்பித் தேடினார்கள்.

"கூச்சப்படுறவ தலை குனிஞ்சிருக்கா. பயந்தவனும் தலை குனியுறான்" என்றார் ஒச்சப்பன்.

"குரலும் வெளிய வராது. ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் மலைச்சாமி. மூன்று நாளாகப் பயத்தைத் தேடிக் கிடைக்காதவர் அவர்தான்.

"அப்ப நீ பயந்தவ. இன்னொரு தடவை உருட்டு. ரெண்டுல சின்னது" என்றார் பூச்சப்பன்.

செவந்தி உருட்டினாள். நாலு விழுந்தது. இருபதும் இருந்தது, நாலும் இருந்தது, நாலை எடுத்துக்கொண்டார்கள். சடையாண்டியின் தோள் பழைய இடத்துக்கு இறங்கியது. இன்னொரு வாய்ப்பு கேட்டாள். ஒரு சுற்றுக்கு ஒருவருக்கு ஒரு தடவைதான், அடுத்தது மலைச்சாமி முறை, கொப்பையா சாக்கைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று பதில் வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கரட்டிலிருந்து இருளாயி இறங்கி வந்தாள். பின்னால் ஆசாரி, ஊசிப்பெட்டியோடு.

"மணி பத்து ஆச்சு. மாமங்காரன் எங்க? பயந்து ஓடிட்டானா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள், புங்கமரத்தடியைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினாள். சிவப்புத் துணி சுற்றி, மஞ்சள் பூசி, தலையில் கூழ் காய்ந்து ஒரு ஆள். கட்டிலில் வேப்பிலைக்கு நடுவே ஒரு ஆள். கண்ணைக் கட்டிக்கொண்டு, சாக்கைப் போர்த்தி, ஆசாரியின் முகத்துக்கு நேரே வந்து உறுமுகிற இன்னொரு ஆள். இந்தத் தடவை கொப்பையாவுக்குக் குறி தப்பவில்லை.

ஆசாரிக்குக் கைகால் உதறல் எடுத்தது.

செவந்தி அண்ணன் மடியைப் பார்த்தாள். மடி இருந்தது. மடியில் பிள்ளை இருந்தது. மடிக்கு மேலே இருப்பது தாய்மாமன்தான், கல்லோ மண்ணோ. இருபது எதற்கு என்று அவளுக்குத் தோன்றியது.

"அத்தை, தாய்மாமன் மடியிலதான் புள்ள இருக்கா. மேலேறுறதுக்குள்ள ராகு காலம் பொறந்துரும், இங்கேயே குத்தச் சொல்லுங்க" என்றாள்.

இருளாயி குறை சொல்ல வாயைத் திறந்தாள். என்ன குறை சொல்வது என்று தெரியவில்லை. நேரத்துக்கு முன்னாலேயே வந்து, அசையாமல், மஞ்சள் பூசி உட்கார்ந்திருக்கிற தாய்மாமனை அவள் எங்கும் பார்த்ததில்லை. ஆசாரி ஊசியை எடுத்தார். ஊசி ஆடியது.

"நில்லும்" என்றார் பூச்சப்பன். "நீர் பயந்திருக்கீர். பயந்தவர் எதையும் ரெண்டு தடவை செய்யணும். சின்னதைத்தான் எடுத்துக்கணும். ஒரு காதுக்கு ரெண்டு ஓட்டை போடும். அதுல சின்ன ஓட்டைதான் செல்லும்."

"ரெண்டு காதுக்கு நாலு" என்று கட்டிலிலிருந்து கணக்குச் சொன்னார் ஒச்சப்பன்.

"பெரிய ஓட்டையை என்ன செய்யுறது?" என்று கேட்டார் கொப்பையா.

"அது கழிஞ்சு போச்சுன்னு விட்டுற வேண்டியதுதான்."

ஆசாரி பயத்தில் தலையாட்டினார். தேனு ஊசியைப் பார்த்துச் சிரித்தாள். மணி பத்தேகால். செவந்திக்கு ஒட்டியிருந்த நாக்கு அண்ணத்திலிருந்து சட்டென்று விட்டுக்கொண்டது.

"ரெண்டு தடவைதானே மாமா? ஒரே காதுல ரெண்டு தடவைன்னு புத்தகத்துல இருக்கா?"

பூச்சப்பன் எழுத்துக் கூட்டிப் பார்த்தார். இல்லை.

"அப்ப முதத் தடவை எங்கண்ணன் காதுல குத்துங்க ஆசாரி. ரெண்டாவது தடவை எம்புள்ள காதுல. ரெண்டுல சின்னதை நாங்க எடுத்துக்கிறோம்."

சபை எழுந்து நின்றது. விதிக்கு இம்மியும் குறைவில்லை. ஆசாரி நடுங்குகிற கையோடு சடையாண்டியின் வலது காதில் ஊசியை இறக்கினார். உழவு மாட்டுக்கு மூக்கு குத்தியது போலப் பெரிய ஓட்டை விழுந்தது. சடையாண்டி அசையவில்லை. ஒரு சத்தம் இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் பொலபொலவென்று இறங்கியது.

"கல்லு கசியுது" என்று மலைச்சாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஒரு காதில் குத்தி முடித்ததும் ஆசாரிக்குக் கை நிதானத்துக்கு வந்துவிட்டது. தேனுவுக்கு எறும்பு கடித்தது போலச் சின்ன ஓட்டை. அதையே எடுத்துக்கொண்டார்கள். இடது காதுக்கும் அப்படியே. பத்து இருபத்தைந்துக்குத் தேனு காதில் தோடு மின்னியது. பிள்ளை அழுத அழுகையில் பாதிக்கு மேல் மாமனுக்காகத்தான் இருக்கும்.

"மருமகளுக்காகத் தன் காதையும் குடுத்த தாய்மாமனை எங்கூர்ல நான் பாத்ததில்லை" என்றாள் இருளாயி. அவள் வாயிலிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. செவந்திக்குக் கண் நிறைந்துவிட்டது.

இனி கல்லை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. பூச்சப்பன் சடையாண்டியைச் சுற்றி வந்து, ஒரு காது ஓட்டை வழியாக வானத்தைப் பார்த்தார்.

"ஓட்டை விழுந்த கல்லைக் கல்லுன்னு சொல்லலாமா?"

"சொல்லக்கூடாது. அது உரல்" என்றார் ஒச்சப்பன்.

"உரல் அசையக்கூடாதுன்னு புத்தகத்துல இருக்கா?"

முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தேடினார்கள். உரலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சடையாண்டி எழுந்தான், நேரே தன் வீட்டுக்குள் போனான், பானையோடு உட்கார்ந்தான்.

மறுநாள் காலை செவந்தி ஊருக்குக் கிளம்பினாள். பஸ் ஆசாரி தங்கியிருந்த வீட்டைத் தாண்டியபோது, அங்கே தெரு முனை வரைக்கும் வரிசை நின்றது. ஊசியால் கல்லை வெண்ணெய் போலத் துளைக்கிற ஆசாரி வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, மொச்சக்குறிச்சிப் பெண்கள் அத்தனை பேரும் கொத்துவதற்கு அம்மியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். ஆசாரி கூரைமேல் ஏறி உட்கார்ந்திருந்தார்.

ஊர் எல்லை தாண்டியதும் பின்னாலிருந்து ஒரு கூப்பாடு கேட்டது. செவந்தி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தாள். அண்ணன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பஸ்ஸைத் துரத்தி ஓடி வந்தான். அவனுக்குப் பின்னால் ஒச்சப்பன் பொண்டாட்டியும் இன்னும் மூன்று பேரும் உலக்கையும், இடிக்க வேண்டிய கம்புத் தானியமுமாக ஓடி வந்தார்கள்.

"ஒரு படிதான்ப்பா, இடிச்சிட்டு விட்டுர்றோம்" என்றாள் ஒச்சப்பன் பொண்டாட்டி, மூச்சு வாங்க.

அண்ணனுக்கு ஓட்டம் தளர்வதைச் செவந்தி பார்த்தாள். என்ன இருந்தாலும் அவளும் மொச்சக்குறிச்சியில் பிறந்தவள்தானே.

"அண்ணே, இங்கிட்டு இறக்கம்தாண்ணே" என்று கத்தினாள். "உருண்டு வா."

சடையாண்டி நின்று, பாதையைப் பார்த்து, சரிதான் என்று தலையாட்டிவிட்டு, நடுரோட்டில் படுத்தான். பஸ் அடுத்த ஸ்டாப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது, அவன் முன்னாலேயே அங்கே வந்து நின்று, கண்டக்டரிடம் டிக்கெட் கேட்டான்.